பன்னிரண்டாவது கம்பி

சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்துப் பையைக் கவிழ்த்தேன். கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விழுந்தன. கிரீஸ் வாடையும் ஏரிச் சேற்றின் வாடையும் சேர்ந்து எழுந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்தேன்.

பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பையை உள்பக்கம் வெளியே திருப்பி உதறினேன். ஒரு கருவேல முள்ளும் கொஞ்சம் மண்ணும் விழுந்தன. காலையில் நான் கொண்டுபோனது பன்னிரண்டு.

"சாப்பிடற மேசையில இரும்புக்கடை வச்சிருக்கீங்களே! எடுத்து ஓரமா வச்சுட்டு கைய கழுவிட்டு வாங்க, மீன் ஆறுது" என்று என் மனைவி விமலா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வஞ்சிரம் வறுவல். இரண்டு துண்டு போதும் என்று சொல்லிவிட்டு மூன்றாவதும் வாங்கிக்கொண்டேன்.

அது நடந்து நாளாகிறது. என் வாழ்க்கையைச் சொல்லிவரும் இந்தத் தொடரைச் சென்ற வாரம் கல்லூரி விடுதி நாட்களில் நிறுத்தியிருந்தேன். அதைத் தொடரத்தான் உட்கார்ந்தேன். நான்கு பக்கம் எழுதிக் கிழித்தாயிற்று. எழுந்து பால்கனிக்குப் போகிறேன், வருகிறேன், பேனாவை மூடுகிறேன், திறக்கிறேன். அந்தப் பதினொன்று என்னை மேலே எழுத விடவில்லை. இந்தத் தொடரில் இதுவரை என்னைக் கொஞ்சம் நல்லவனாகவே காட்டி வந்திருக்கிறேன். இந்த வாரம் அது முடியாது.

பிழைக்கும் வகுப்பு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில் இருக்கிறது. நாங்கள் குடிவந்தபோது பால்கனியிலிருந்து ஏரி தெரிந்தது. இப்போது எதிர் பிளாக்கில் காயும் துணிகள் தெரிகின்றன.

ஒரு வருடம் வெள்ளம் வந்தது. கீழ்த்தளம் மூழ்கி, இரண்டு நாள் படகில் பால் பாக்கெட் வந்தது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் கோவை, மதுரை, நெல்லைப் பக்கமிருந்து வந்து கணினி வேலை பார்க்கும் இளம் குடும்பங்கள். அவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நெருக்கடியில் பிழைத்துக்கொள்ளும் வழிகளை யாராவது சொல்லித்தந்தால் நன்றாக இருக்கும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். கல்லூரியில் மாணவர் முகாம்களுக்கு இருபது வருடம் நான்தான் பொறுப்பு.

சனிக்கிழமைக் காலை வகுப்பு தொடங்கியது. தண்ணீரை மணலிலும் கரியிலும் வடிகட்டுவது, நனைந்த விறகில் தீ மூட்டுவது, கயிற்று முடிச்சுகள். முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஒன்பது பேர். 'அடுத்த வாரம் கண்ணி வைப்பது' என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன். முப்பது பேர் கை தூக்கினார்கள்.

தண்ணீர் லாரி ஒரு மணி நேரம் தாமதமானால் நூறு செய்தி போடுகிறவர்கள் நாங்கள். எங்களுக்குக் காட்டில் முயல் பிடிக்கத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாற்பது பேர் ஒன்பது பேரானது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சுருக்குக் கண்ணி வைப்பது சட்டப்படி குற்றம். இது எனக்கு நன்றாகவே தெரியும். 'வைத்துப் பார்ப்போம், பிடிக்க மாட்டோம், உடனே எடுத்துவிடுவோம்' என்று ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன்.

முயல் கதை

வகுப்பில் நான் முதலில் சொன்னது என் முயல் கதையை. அதைச் சொல்லாத மேடை கிடையாது.

இளம் விரிவுரையாளராக இருந்தபோது மாணவர்களை ஜவ்வாது மலைக்கு அழைத்துப்போனேன். புத்தகத்தில் படித்ததை வைத்துச் சணல் கயிற்றில் ஆறு சுருக்கு செய்து, புதர் இடுக்குகளில் வைத்தேன். முதல் நாள் காலையிலேயே ஒரு முயல் விழுந்திருந்தது. 'புத்தகத்தில் இருப்பதைச் சரியாகச் செய்தால் நடக்கும்' என்று கதையை முடிப்பேன். கைதட்டுவார்கள்.

கதையில் நான் எப்போதும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. நாங்கள் போனபோது அது உயிரோடு இருந்தது. எங்களைக் கண்டதும் கத்தியது. முயலுக்குக் குரல் உண்டு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. கைக்குழந்தை வீறிட்டதுபோல் இருந்தது. ஒரு மாணவன் காதைப் பொத்திக்கொண்டான். நான், சமையல்காரரை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குப் போய்விட்டேன். அவர்தான் முடித்தார். மதியம் குழம்பு வந்தது. சாப்பிட்டேன்.

இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் முப்பது பேரில் பாதிப் பேராவது வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சிவப்புத் துணி

கம்பி வாங்கப் பூந்தமல்லிக்குப் போனேன். மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரத்தை ஒட்டி ஒரு மெக்கானிக் கடை.

"கிளட்ச் வயர் பன்னெண்டு குடுப்பா."

"பன்னெண்டா? இன்னா நைனா, ஷோரூம் தொறக்கப் போறியா?"

"ஒரு வகுப்பு எடுக்கிறேன்."

"கிளட்சுக்கு வகுப்பா! அப்பிடியே நம்ம கடைக்கும் வந்து ஒரு வகுப்பு எடு நைனா. இவன் மூணு வருசமா வேலை கத்துக்குனு கீறான், இன்னும் வயர் மாட்டத் தெர்ல" என்று பக்கத்தில் டயரைக் கழற்றிக்கொண்டிருந்த மீசைக்காரரைக் காட்டினார். மீசைக்காரர் தலை நிமிராமல், "கத்துக் குடுக்கிறவனுக்குத் தெரிஞ்சா தானே" என்றார். மூவரும் சிரித்தோம்.

கிளட்ச் கம்பி பல மெல்லிய இழைகள் முறுக்கியது. வெட்டினால் முனை பிரிந்துபோகும். பிரிந்த முனை சுருக்கில் சீராக ஓடாது. ஆகவே ஒவ்வொரு முனையிலும் ஈயத்தை உருக்கிச் சாலிடர் வைத்து உருட்டினேன். ஆய்வுக்கூடத்துப் பழக்கம். நான் கம்பியை அப்படியே விட்டதே கிடையாது.

அந்த நேரத்தில்தான் கன்னியப்பன் வீட்டுக்கு வந்திருந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பில் இருப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் குடியிருப்பிலும் சுற்றியிருந்த மூன்று குடியிருப்புகளிலும் எலி பிடிப்பது, பாம்பு வந்தால் பிடித்து ஏரிக்கு அப்பால் விடுவது எல்லாம் அவர்தான். சைக்கிளில் மேனாம்பேடு வரைக்கும் போய்வருவார். எங்கள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் எலி புகுந்துவிட்டது என்று விமலா கூப்பிட்டிருந்தாள். மேசையில் சாலிடர் கம்பி புகைந்துகொண்டிருந்ததை நின்று பார்த்தார்.

"இன்னா சார், ரேடியோ பண்றியா?"

"இல்லப்பா, சும்மா ஒரு வகுப்புக்கு" என்றேன். கம்பி எதற்கு என்று சொல்லவில்லை. அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதுதான் உண்மை. இந்த வேலை தெரிந்த ஒரே ஆள் அவர். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

சுருக்கில் 'நிறுத்தம்' என்று ஒன்று வைக்க வேண்டும். கம்பியில் ஒரு சிறு முடிச்சு அல்லது கவ்வி. சுருக்கு ஒரு கைமுட்டி அளவுக்குமேல் இறுகாமல் அது தடுக்கும். தவறி நாயோ ஆடோ மாட்டினாலும் பிடிபட்டு நிற்கும், கழுத்து அறுபடாது. பன்னிரண்டிலும் வைத்துத்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை மொட்டை மாடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து ஒத்திகை காட்டினேன். சுருக்கு பாட்டில் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. "சார், புடிக்கவே இல்லையே!" என்று ஒரு பெண் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டிலிருந்தும் நிறுத்தத்தைக் கழற்றினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாகப் போய்க் கண்ணிகளை வைத்தேன். குடியிருப்புக்கும் ஏரிக்கும் நடுவே தரிசு நிலம். சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். வேலிக் கம்பியில் நாய் நுழைந்து நுழைந்து வழவழப்பான சந்துகள், புதருக்கடியில் புல் மடங்கிய தடங்கள். அப்படிப்பட்ட இடங்களில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுருக்கைத் தொங்கவிட்டு, மறுமுனையை மரத்தடியில் இறுக்கினேன். கண்ணி வைத்த இடத்துக்கு நேர்மேலே கிளையில் ஒரு சிவப்புத் துணி கட்டுவது விதி. வந்தவர்கள் கண்ணியைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். பிறகு துணியையும் கம்பியையும் சேர்த்து அவிழ்த்துக்கொண்டு வருவார்கள். இதுதான் ஏற்பாடு.

அந்த நிலத்தில் மனை பிரிக்க அளந்திருந்தார்கள். அளந்தவர்களும் எல்லைக் கல்லுக்குப் பக்கத்துச் செடிகளில் சிவப்புத் துணிதான் கட்டியிருந்தார்கள். இதைப் பார்த்தேன். இந்தப் பக்கம் எந்தத் தரிசில் போனாலும் அந்தத் துணி இருக்கும். பழகிப்போய்க் கண்ணில் படுவதில்லை.

ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. எல்லோருக்கும் பசி. துணிகள் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. கம்பிகளை யாரோ பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் துணியை எண்ணினேன். பன்னிரண்டு. "சரியாயிருக்கு!" என்று உரக்கச் சொன்னேன். அதில் ஒன்று மனைக்காரர்கள் கட்டிய துணி. கம்பி இல்லாத செடியிலிருந்து யாரோ அவிழ்த்து வந்தது. என் துணி ஒன்று எங்கோ கிளையில் நின்றிருக்கும், அல்லது முள்ளில் மாட்டிக் கிழிந்து விழுந்திருக்கும். அதன் கீழே கம்பி அப்படியே இருந்தது.

பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சங்கச் செயலாளர் கார்த்திக், கோவைக்காரர், "எங்க புரொபசர் சார் இருந்தா அமேசான் காட்டுல விட்டாலும் பயமில்லீங்க" என்று பேசினார். படம் எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் பதினொன்று என்று தெரிந்ததும் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். நடந்தால் பத்து நிமிடம். போகவில்லை. ஒரு பெண் "சார், ஞாபகமா ஒண்ணு வச்சுக்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். நான் மறுத்திருந்தேன். அவள்தான் எடுத்திருப்பாள் என்று முடிவு செய்துகொண்டேன். குழுவில் கேட்டிருக்கலாம். அதே குழுவில் என் பொன்னாடைப் படத்துக்குக் கீழே இதயக் குறிகள் விழுந்துகொண்டிருந்தன. 'கம்பியை எண்ணவில்லை' என்று அங்கே எப்படி எழுதுவது?

ராஜா

எங்கள் கேட்டுக்கு வெளியே ஸ்டெல்லாவின் இஸ்திரி வண்டி நிற்கும். வண்டியின் பலகையில் மாதா படம் ஒட்டியிருக்கும். வண்டிக்குக் கீழே ஒரு செம்பழுப்பு நாய் படுத்திருக்கும். குடியிருப்புப் பிள்ளைகள் அதைப் 'பிரவுனி' என்பார்கள். ஸ்டெல்லாவுக்கு அது ராஜா. கணவர் இறந்தபின் அவளோடு வீட்டிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து வீட்டுக்கும் நடப்பது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை பால் வாங்கப் போனேன்.

"சார், ராஜாவ எங்கனா பாத்தீங்களா? நேத்துலேர்ந்து காணோம்."

"இல்லையேம்மா."

"எந்தப் பொட்ட நாய் பின்னாடி போச்சோ தெர்ல. வரட்டும், இஸ்திரிப் பொட்டியாலயே தேய்க்கிறேன்" என்று சிரித்தாள். பெட்டியில் கரியை ஊதினாள். நான் பால் பாக்கெட்டோடு மாடிக்கு வந்தேன். மின்தூக்கிக்குள் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒப்புக்கொள்ளாமல் அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். அலமாரியை அடுக்கினேன். விசிறியைத் துடைத்தேன். விமலா "உங்களுக்கு இன்னிக்கி என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வரை போனேன். தூறல் போட்டது. குடை எடுத்து வரத் திரும்பியவன், திரும்பிப் போகவில்லை. தூறல் ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது.

புதன்கிழமை காலை கேட்டருகே சத்தம் கேட்டு இறங்கினேன். கன்னியப்பனின் சைக்கிள் கீழே கிடந்தது. தரையில் சாக்கை விரித்து, அதில் ராஜா. ஸ்டெல்லா அதன் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். உயிர் இருந்தது. வால் மட்டும் ஒருமுறை அசைந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த காயத்தைப் பார்க்க முடியவில்லை. சற்று நேரத்தில் அடங்கிவிட்டது.

எலி வளை தேடிப்போன கன்னியப்பன் முள்ளுக்குள் முனகல் கேட்டுப் போய்ப் பார்த்திருக்கிறார். குறடால் கம்பியை வெட்டி எடுத்து, நாயைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். வெட்டிய கம்பி அவர் கையிலேயே இருந்தது.

நாய் இருந்தது, கம்பி இருந்தது, இருளர் ஒருவரும் இருந்தார். அங்கே கூடியவர்களுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

"இவங்க முயலுக்கு வைப்பாங்க. நாய் மாட்டிக்கிச்சு" என்று யாரோ சொன்னார்கள். "மாட்டுனதும் பயந்து தூக்கிட்டு வந்துட்டான்" என்றார் இன்னொருவர். ஸ்டெல்லா எழுந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"உனக்கு டீ வாங்கிக் குடுத்தேனேடா! தெனம் உன் பக்கத்துலதானே படுத்துகினு இருந்துச்சு! எப்படிடா மனசு வந்துச்சு?"

"அக்கா, நான் வைக்கலக்கா. எங்க பாப்பா மேல சத்தியமா. இத பாரு" என்று கம்பியின் முனையை நீட்டினார். "முனையில ஈயம் வச்சிருக்கு பாரு. எங்க ஊட்ல கரண்டே ஒழுங்கா கெடையாது. ஈயம் வைக்கிறதுக்கு நான் எங்க போவேன்? இது படிச்சவங்க கட்டுன கட்டுக்கா. நாங்க வச்சா நிறுத்தம் இல்லாம வைக்க மாட்டோம். ஆடு மாடு போற எடத்துல எவனாச்சும் இப்பிடி வைப்பானா?"

சொல்லிக்கொண்டே சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். என்மேல் கண் வந்தது. நின்றது. என் மேசையையும் புகையையும் அவர் பார்த்தவர். இரண்டு மூச்சு நேரம் பார்த்தார். நான் சொல்வதற்காகக் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

நான் ராஜாவைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

கேட்டில் ஒட்டிய படம்

கார்த்திக் அன்றே கன்னியப்பனைப் படம் எடுத்தார். காவலாளி அறைக் கண்ணாடியில் அந்தப் படம் ஒட்டப்பட்டது. 'இந்த நபரை உள்ளே அனுமதிக்கக் கூடாது.' படத்தில் அவர் கண்கள் வெயிலுக்குச் சுருங்கியிருந்தன. அதே படம் மற்ற மூன்று குடியிருப்புகளின் குழுக்களுக்கும் போனது.

வகுப்புக்கு வந்த முப்பது பேரில் ஒருவருக்குக்கூட அது எங்கள் கம்பி என்று தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். ஆனால் பன்னிரண்டும் எடுத்தாயிற்று என்று நான் உரக்கச் சொல்லியிருந்தேன். பேராசிரியர் எண்ணினால் சரியாகத்தான் இருக்கும்.

நான் அந்தக் கண்ணாடியைத் தினமும் இரண்டு முறை கடந்தேன். பிறகு பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன். வகுப்பை முழங்கால் வலி என்று நிறுத்தினேன். பதினொரு கம்பிகளையும் ஏரியில் எறிந்துவிடலாம் என்று கொண்டுபோய், எறியாமல் திரும்பிக் கொண்டுவந்து பரணில் வைத்தேன். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இப்படி ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின.

ஒருநாள் விமலா பரணைச் சுத்தம் செய்யும்போது பையை இறக்கினாள். நான் செய்தது பன்னிரண்டு என்று அவளுக்குத் தெரியும். எண்ணிப் பார்த்தாள். என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல ஒண்ணு குறையுது" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

அவள் அன்று எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை நான் கன்னியப்பனைத் தேடிப் போனேன்.

தெரியாதவங்ககிட்ட சொல்லு

அவர் வீட்டில் இல்லை. புதிதாகப் பிரித்த மனையொன்றில் அஸ்திவாரக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். எந்தக் குடியிருப்பும் உள்ளே விடாததால் எலி வேலை போய்விட்டிருந்தது. குழி ஓரத்தில் நின்று சொன்னேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். துணியை எண்ணியது, நிறுத்தத்தைக் கழற்றியது, குடை எடுக்கத் திரும்பியது.

கடப்பாரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"தெரியும் சார். அன்னிக்கே தெரியும்."

"ஏன் அங்கேயே சொல்லவில்லை?"

"நான் சொன்னா? 'புரொபசர் சார் மேலயே பழி போடறான்'னு ரெண்டு அடி வுழுந்திருக்கும்." சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்லிகினு கீறியே சார். இன்னா பிரயோஜனம்? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு."

சங்கப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன். முடித்துவிட்டு, எவராவது திட்டினால் தேவலை என்று நின்றேன்.

"விடுங்க சார்" என்றார் கார்த்திக். "வேணும்னா பண்ணுனீங்க? இந்த வயசுல இதையெல்லாம் மனசுல வச்சுட்டு இருக்காதீங்க. தண்ணி குடிங்க."

"பெரிய மனசு சார் உங்களுக்கு, யாரு இப்படி ஒத்துக்குவா?" என்று ஓர் அம்மாள் சொன்னார். இரண்டு பேர் கைதட்டினார்கள். அதைத் தடுக்கக் கையைத் தூக்கினேன். வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் நான்கு பேர் தட்டினார்கள்.

"கன்னியப்பன்?" என்றேன்.

"அந்தப் படத்த எடுத்துடலாங்க சார். ஆனா எலிக்கு இப்ப ஏஜென்சி வந்துட்டாங்க, ஒரு வருச ஒப்பந்தம். அவரக் கூப்பிடறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே." அடுத்த பொருள், வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுவது.

எனக்கு இரண்டு நிமிடத்தில் கிடைத்த மன்னிப்பு இது. கன்னியப்பனிடம் அதே ஆட்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஸ்டெல்லாவிடம் வண்டியருகே நின்று சொன்னேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டையை மடிக்காமல் அப்படியே விட்டாள்.

"அன்னிக்கி உன் கண்ணு முன்னாடிதானே அவன் சட்டையப் புடிச்சேன்?"

"ஆமாம்மா."

"கேக்கக் கூடாததெல்லாம் கேட்டேன். பாத்துகினு நின்னியே சார்." அதுவரை என்னை நீங்கள் என்றுதான் சொல்லி வந்தவள். "நாயி போச்சு. அது உன் கைத்தப்பு, சரி, வுடு. என்னய ஏன் சார் அந்தப் பாவத்தப் பண்ண வச்ச?"

எங்கள் வீட்டுத் துணிகளை மூட்டையாகக் கட்டித் தேய்க்காமலே என் கையில் கொடுத்தாள். பெட்டியை மூடிவிட்டு, வேலை நேரத்தில் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, ஏரிக்கரை வழியாகக் கன்னியப்பன் வீட்டுப் பக்கம் நடந்தாள். ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் ஒரு வருடம் போகாமலே இருந்த வழி அது. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சில நாட்களில் மாலை வேளையில் வண்டியருகே இரண்டு டீ டம்ளர்கள் இருக்கும். கன்னியப்பன் கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடிப்பார். எங்கள் துணியை ஸ்டெல்லா இன்றுவரை வாங்குவதில்லை.

கண்ணாடியிலிருந்து படத்தைச் சுரண்டி எடுத்த அன்று மறுபடியும் மனைக்குப் போனேன். குழி இடுப்பளவு இறங்கியிருந்தது.

"படத்தை எடுத்தாச்சு. மற்ற மூன்று இடத்திலும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நாளைக்கு வாங்க" என்றேன். முதல்முறையாக அவரை 'வாங்க' என்றேன். "நான் கேட்டில் வந்து நிற்கிறேன். நானே கூட்டிக்கொண்டு போகிறேன். நான் கூட இருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்."

அவர் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீ கூட வந்தாத்தான் உள்ள வுடுவாங்கன்னா, நான் இன்னாத்துக்கு சார் அங்க வரணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் யோசித்தேன். இந்தப் பக்கத்தை எழுதும்போதும் எழுந்து போய் யோசித்துவிட்டுத்தான் வந்தேன். வெறும் கையோடுதான் வந்திருக்கிறேன்.

அவர் மண்வெட்டியை எடுத்தார். முதல் மண் என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"தள்ளி நில்லு சார்" என்றார். "மேல படும்."